யார் தோணியென்று கேட்காத அண்ணனுக்கு

என் உயிர் சேவியர் அண்ணே,

இன்றைக்குக் கல்லறைத் திருநாள். காலையிலிருந்தே நம் தெரு முழுவதும் குடமும் துடைப்பமுமாகக் கல்லறைத் தோட்டத்துக்குப் போய்க்கொண்டிருக்கிறது. அப்பாவின் கல்லறையைக் கழுவ அம்மா போயிருக்கிறாள். உனக்குக் கழுவ ஒரு கல்லறை இல்லை. அதனால் நான் போகவில்லை. வீட்டில் உட்கார்ந்து உனக்கு எழுதுகிறேன்.

நீ இருந்தால் சிரித்திருப்பாய். "ஏளா, ஆபீஸ்ல நாளெல்லாம் டைப் அடிக்கது பத்தாதாக்கும்? வீட்டுலயும் எழுத்துதானா?" என்று கேட்டிருப்பாய். ஆமாம், எழுத்துதான். எழுதி முடித்ததும் இதைக் கோயில் பத்திரிகைக்குக் கொடுக்கப்போகிறேன். ஊர் படிக்கட்டும். தோணியை நடத்திப்போனபோது புயல் தூக்கிக்கொண்டுபோன தண்டல் என்றுதான் இன்றுவரை உன்னை ஊர் சொல்கிறது. அது பொய். அந்தப் பொய்யைத் தாளில் ஏற்றிக் கொடுத்தவை என் விரல்கள். எனக்கு அப்போது தெரியாது, சத்தியமாகத் தெரியாது. ஆனாலும் உண்மையை எழுதவேண்டியவளும் நான்தானே?

முதலில் ஊர்ச் செய்தி சொல்லிவிடுகிறேன். புதுத் துறைமுகத்தில் இப்போது பெரிய கப்பல்கள் நேராகக் கரையிலேயே வந்து அணைகின்றன. "கப்பலு கரைக்கே வந்துட்டா பெறவு தோணிக்கு என்னளா சோலி?" என்று கேட்டாயே, நீ சொன்னபடிதான் ஆகிக்கொண்டிருக்கிறது. உன் தோணியில் உனக்கு அடுத்தபடியாக இருந்த மிக்கேல் அங்கே வாட்ச்மேன் ஆகிவிட்டான். காக்கிச் சட்டையில் அவனைப் பார்த்தால் உனக்கு அடையாளமே தெரியாது. தோணித் துறைப் பக்கம் தலைவைத்தும் படுப்பதில்லை.

உன் ரேடியோவை அம்மா யாரையும் தொடவிடுவதில்லை. தூசி மட்டும் துடைக்கிறாள். முள் நீ விட்ட இடத்தில், கொழும்பு ஸ்டேஷனில்தான் நிற்கிறது. நீ இல்லாதது எனக்கும் பழகவில்லை அண்ணே. சாயங்காலம் வாசலில் யாராவது செருப்பைக் கழற்றிப் போட்டால் நான் உள்ளேயிருந்து "கால கழுவிட்டு வா" என்று கத்திவிடுகிறேன். எதிர்வீட்டு அக்கா ஒருநாள் கால் கழுவிக்கொண்டு வந்து நின்றாள். சிரிக்கவா அழவா, சொல்லு.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அந்த 'மேஜர்' ஞாபகம் இருக்கிறதா?

நான் கப்பல் ஏஜென்சியில் டைப்பிஸ்டாகச் சேர்ந்த புதிது. துறைமுகத்தில் வேலைநிறுத்தம் நடந்துகொண்டிருந்த சமயம். வெளியூர் கம்பெனிகளுக்குப் போன கடிதத்தில் எல்லாம் ஒரே வார்த்தை வந்துகொண்டிருந்தது. எழுத்தைக் கூட்டி நான் அதை 'போர்ஸ் மேஜர்' என்றுதான் வாசித்தேன். வீட்டுக்கு வந்து பெருமையாகச் சொன்னேன். நீ சோற்றில் கையை வைத்தபடி, "யாருளா அந்த மேஜரு? பட்டாளத்துலருந்து வந்திருக்காரா?" என்றாய். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

மானேஜர் எனக்குச் சொன்னதை உனக்குச் சொன்னேன். நம் கையில் இல்லாத ஒன்று நடந்து காரியம் கெட்டுப்போனால் யாரும் யாரையும் குற்றம் சொல்லக் கூடாது என்று ஒப்பந்தத்தில் முன்னாலேயே எழுதிக்கொள்வார்கள், அதற்கு வைத்த பெயர் அது என்றேன். அன்றைக்கு அந்த மேஜரைப் பிடித்துக்கொண்டாய். கருவாடு காயும்போது மழை வந்தால் மேஜர். சட்டைப் பித்தான் அறுந்தால் மேஜர். அம்மா குழம்பை அடிப்பிடிக்க விட்டால், "அம்மா மேல குத்தமில்ல, மேஜர் வந்துட்டுப் போயிருக்காரு" என்பாய். அம்மாவும் ஒன்றும் புரியாமலே சிரிப்பாள்.

ஒருநாள் மட்டும் நீ விளையாடவில்லை. "நல்ல வார்த்தைதாம்ளா. ஆனா தண்டலுக்கு அது கெடையாது" என்றாய்.

"ஏன், தண்டலுக்கு என்ன வந்துச்சு?" என்று கேட்டேன்.

"காத்து திரும்பும்னு தண்டலுக்குத் தெரிஞ்சிருக்கணும். தண்ணிக்கடியில பாறைப் பார் எங்கன கெடக்குன்னு தெரிஞ்சிருக்கணும். தோணிக்கு எது நடந்தாலும் தண்டல் பொறுப்புதான். எனக்குக் காத்து மேல பழிபோடத் தெரியாதுளா." சொல்லிவிட்டுக் கை கழுவப் போய்விட்டாய். உனக்கு அது மறந்திருக்கும். எனக்கு மறக்கவில்லை.

போன வாடைக்காற்றுக் காலத்தில் நீங்கள் கொழும்பிலிருந்து கொப்பரை ஏற்றிக்கொண்டு திரும்பிவந்தீர்கள். இங்கே துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றியபோது உங்கள் தோணி நடுக்கடலில். கரையில் எங்கள் கூட்டம். மழையில் முக்காட்டைப் பிடித்துக்கொண்டு பெண்களெல்லாம் வரிசையாக நின்றோம். விடிந்த பிறகு முயல் தீவிலிருந்து மிக்கேலையும் மற்றவர்களையும் கூட்டிவந்தார்கள். தீவுக்கு வெளியே பாரில் மோதித் தோணி உடைந்துவிட்டது என்றார்கள். அம்மா ஒவ்வொருத்தன் முகமாகப் பார்த்துக்கொண்டே போனாள். கடைசி ஆள் முகத்தையும் பார்த்துவிட்டு, மறுபடி முதல் ஆளிடம் வந்து நின்றாள். அதை நான் எப்படி மறப்பேன்?

எழவு வீட்டில் இருக்கவேண்டியவள் ஏன் ஆபீஸுக்குப் போனாய் என்று கேட்காதே. வீட்டில் இருந்தால் அம்மாவின் முகத்தைப் பார்க்கவேண்டும். அன்றைக்குத் தோணி முதலாளி மிக்கேலைக் கூட்டிக்கொண்டு எங்கள் ஆபீஸுக்கு வந்தார். கொப்பரை வியாபாரிக்கும் இன்ஷூரன்ஸுக்கும் கடிதம் போகவேண்டும். வேறு ஆளைவைத்து அடிக்கலாம் என்றார் மானேஜர். என் அண்ணனைப் பற்றிய கடிதத்தை நானே அடிக்கிறேன் என்றேன். முதலாளி பக்கத்தில் வந்து, "ஏளா பிலோமி, ஒங்க அண்ணன் பேருக்கு ஒரு பழியும் வராமத்தான் எழுதச் சொல்லியிருக்கேன், பாத்துக்க" என்றார்.

புயலில் சிக்கித் தோணி தன்வசம் இழந்தது, மனிதரால் ஆவது ஒன்றுமில்லை, அதனால் இது அந்த வார்த்தை. இவ்வளவுதான் கடிதம். அடித்தேன். தண்டலுக்குக் கிடையாது என்று நீ சொன்னதை உனக்கு நான் வாங்கிக் கொடுத்துவிட்டேன் என்று ஒரு அற்ப ஆறுதல்கூட வந்தது. அழுதுகொண்டே அடித்தேன், ஆனால் ஒரு எழுத்துகூடப் பிழையாக விழவில்லை. இப்போது நினைத்தால் என் விரல்கள்மீதே எனக்கு ஆத்திரமாக வருகிறது.

அதற்குச் சில நாள் கழித்து ஒருவர் நம் வீட்டைத் தேடிக்கொண்டு வந்தார். கீழக்கரைக்காரர், காதர் என்று பெயர். ஒரு கையைத் துணியில் கட்டித் தொங்கவிட்டிருந்தார். உட்காரச் சொன்னால் உட்காரவில்லை. நின்றபடியே சொன்னார்.

"நான் வேற தோணிம்மா. அன்னிக்கி ஒங்க மகன் தோணிக்குப் பின்னால வந்தோம். எங்க தோணி பொளந்து தண்ணி ஏறிப்போச்சு. மரத்து உச்சியில துணி கட்டுனோம். திரும்புவாகன்னு நாங்க நெனக்கவே இல்ல. அவுகளுக்கு முயல் தீவு வெளக்கு தெரிஞ்சிருச்சு. இன்னும் கொஞ்ச நேரத்துல கரை."

கோயில் பத்திரிகை படிக்கிறவர்களில் கடல் தெரியாதவர்களும் இருப்பார்கள், அவர்களுக்காக இதைச் சொல்கிறேன். கடலில் ஒரு தோணி ஆபத்தில் மாட்டினால் பாய்மர உச்சியில் துணி கட்டுவார்கள். துணியைப் பார்த்தவன் திரும்பியாக வேண்டும். யார் தோணி, எந்த ஊர், என்ன சாதி, எந்த முதலாளி என்று கேட்கக் கூடாது. கேட்டுவிட்டுத் திரும்பினால் அது திரும்பியதில் சேர்த்தி இல்லை. நம் தெருவில் நடக்கப் பழகும் பிள்ளைக்கும் இது தெரியும்.

"திரும்புனாரும்மா" என்றார் காதர். "கிட்டக்க வந்து நங்கூரம் போட்டாரு. சின்ன வள்ளத்தை எறக்கி அவரே வந்தாரு. ரெண்டு ரெண்டு பேரா எங்கள ஏத்திக்கிட்டுப் போயி அவுக தோணியில விட்டாரு. யாரு, எவருன்னு ஒரு வார்த்த கேக்கல. கடைசியா எங்க தண்டலை ஏத்த வள்ளத்தத் திருப்புனாரு. அந்த வள்ளம் வரல." கட்டுப்போடாத கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு, "அவுகளுக்காகத்தான் எல்லாரும் காத்துக் கெடந்தோம். நங்கூரக் கயிறு அறுந்து தோணி பார்ல ஏறிருச்சு. எங்கள மட்டும் வேற தோணிக்காரக நேரா எங்க ஊருக்கே கொண்டுபோயிட்டாக" என்றார்.

அம்மா அவருக்குக் குடிக்கத் தண்ணீர் கொடுத்தாள். அவர் தெருமுனை தாண்டியதும் என் பக்கம் திரும்பி, "இத வெளிய மூச்சு விடாத" என்றாள்.

"ஏம்மா? அண்ணன் எவ்வளவு பெரிய காரியம் பண்ணியிருக்கான்!"

"காத்து கொண்டுபோச்சுன்னா நான் தாங்கிக்கிடுவேன். அவனாத் திரும்பிப் போனான்னா எப்படிளா தாங்குவேன்? வெளக்கு தெரிஞ்சிருச்சாம்லா. வீட்டு வாசலு தெரிஞ்ச மாதிரிதான. அம்மா நெனப்பு வரலியா அவனுக்கு?"

நான் என்ன பதில் சொல்லட்டும்? உன்னிடமே கேட்கிறேன். பாயைத் திருப்பும்போது அம்மா நினைப்பு வந்ததா? என் நினைப்பு வந்ததா? வந்தும் திரும்பினாயா, வராமல் திரும்பினாயா? எது என்றாலும் எனக்கு வலிக்கிறது, ஆனாலும் தெரியவேண்டும்போல் இருக்கிறது.

அம்மாவுக்குத் தெரியாமல் முதலாளியிடம் போய்ச் சண்டை போட்டேன். அவர் கத்தவில்லை. "திரும்புனான்னு எழுதுனா சரக்குக்காரன் சும்மா விடுவானா? கரைக்கு வந்த சரக்க எதுக்குக் கடலுக்குத் திருப்புனான்னு கேப்பான். தப்பெல்லாம் ஒங்க அண்ணன் தலையில விடியும். செத்துப்போனவனுக்கு எதுக்குளா கெட்ட பேரு?" என்றார். திரும்பி வந்தேன். பொய் சொன்னால் நீ புயலில் அகப்பட்ட பரிதாபம். உண்மையைச் சொன்னால் சரக்கைத் தொலைத்த குற்றவாளி. இரண்டிலும் என் அண்ணன் இல்லை.

பிறகு விசாரணை வைத்தார்கள், எங்கள் ஆபீஸ் மாடியில். இன்ஷூரன்ஸ் அனுப்பிய சர்வேயர் வந்தார். காரைக்கால்காரர், பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் படித்தவர். முதலாளி, மிக்கேல், வியாபாரியின் ஆள் எல்லோரும் இருந்தார்கள். மகன் திரும்பவில்லை என்று எழுதிக்கொடுக்க அம்மாவையும் வரச்சொல்லியிருந்தார்கள். பேசுவதைச் சுருக்கெழுத்தில் எடுக்க நான். சர்வேயர் என் கடிதத்தை உரக்க வாசித்தார். 'ஃபோர்ஸ் மஜோர்' என்றார், காற்றை மூக்கு வழியாக விடுவதுபோல. அதைச் சொல்லவேண்டிய விதத்தில் அன்றைக்குத்தான் கேட்டேன். நம் மேஜர் அந்த நிமிஷமே செத்துப்போனார். நீ இருந்தால் ரொம்ப வருத்தப்பட்டிருப்பாய்.

"இதை எழுதினவங்க யாருக்காவது இதோட அர்த்தம் தெரியுமா?" என்று கேட்டார். அவருக்கு அது தாய்வீட்டு வார்த்தை மாதிரி போலிருக்கிறது, தப்பாகப் புழங்கினால் பொறுக்கவில்லை.

"பெரிய பலம்னு அர்த்தம். நம்ம பலத்துக்கு மேற்பட்ட பலம். பிரெஞ்சு வார்த்தைதான், ஆனா ஆதியில பிரெஞ்சுக்காரனுக்கும் சொந்தமில்ல. ரோமாபுரி வக்கீலுங்க லத்தீன்ல இதே அர்த்தத்துல ஒண்ணு வச்சிருந்தாங்க. பிரெஞ்சுக்காரன் அதைத் தன் பாஷைக்குக் கொண்டுவந்து சட்டப் புத்தகத்துல ஏத்தினான். இங்கிலீஷ்காரன்கிட்ட 'ஆண்டவன் செயல்'னு ஒண்ணு இருந்தது. புயல், வெள்ளம், இடின்னா அது சரி. யுத்தம் வந்தா? ஸ்ட்ரைக் வந்தா? சர்க்கார் தடை போட்டா? அதையெல்லாம் ஆண்டவன் தலையில கட்ட முடியுமா? அதனால பிரெஞ்சு வார்த்தையை மொழிபெயர்க்காம அப்படியே எடுத்து ஒப்பந்தத்துல வச்சுக்கிட்டான். இப்ப உலகம் பூரா அதுதான்."

பிறகு கொஞ்சம் கண்டிப்பாகச் சொன்னார். "ஆனா சும்மா தூக்கி எழுதிட முடியாது. அந்தப் பலம் வெளியிலிருந்து வந்திருக்கணும். முன்கூட்டியே தெரிஞ்சிருக்க முடியாததா இருக்கணும். எதுத்து நிக்க முடியாததா இருக்கணும். மூணுல ஒண்ணு குறைஞ்சாலும் இந்த வார்த்தை செல்லாது." சொல்லிவிட்டு மிக்கேலைப் பார்த்து, "நீ சொல்லுப்பா. தண்டலால ஒண்ணுமே செய்ய முடியலையா?" என்று கேட்டார்.

மிக்கேல் பாவம், பயந்துபோய்விட்டான். அந்த மூன்றுக்கும் பொருந்துகிறமாதிரி சொல்லவேண்டும் என்று ஒரேயடியாக அளந்துவிட்டான். "ஒண்ணும் செய்ய முடியல சார். காத்து தூக்கி அடிச்சுது. தண்டலு ஒரு மூலையில கையக் கட்டிக்கிட்டு உக்காந்துட்டாரு. மாதாவே மாதாவேன்னு அழுதாரு. அலை வந்து அவரக் கொண்டுபோயிட்டு."

நான் எழுதுவதை நிறுத்திவிட்டேன். எழுந்து கத்தப்போனேன். எனக்கு முன்னால் அம்மா எழுந்துவிட்டாள்.

"ஏலே மிக்கேலு, எம்மவனா மூலையில உக்காந்தான்?"

"மாமி..."

"எம்மூஞ்சியப் பாத்துச் சொல்லுல. எம்மவன் கையக் கட்டிக்கிட்டு உக்காந்தானா? அந்த வள்ளத்த எறக்குனது யாரு? கீழக்கரக்காரன் எங்க வீட்டு வாசல்ல வந்து நின்னு அழுதுட்டுப் போனானே, அவன ஏத்திக்கிட்டு வந்தது அலையா?"

மிக்கேல் முகத்தை மூடிக்கொண்டு அழுதான். "முதலாளி சொல்லச் சொன்னத சொல்லுதேன் மாமி. வெளக்கு தெரிஞ்சுது. நாந்தான் திரும்ப வேண்டாம்னு கையப் பிடிச்சேன். தட்டிவிட்டுட்டுத் திருப்புனாரு" என்றான்.

எதைத் தாங்கமாட்டேன் என்று அம்மா சொன்னாளோ அதை அவளே சபையில் போட்டு உடைத்தாள், அண்ணே. காற்று கொண்டுபோன மகனை அவளால் தாங்க முடிந்திருக்கும். கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்த மகனை அவளால் தாங்க முடியவில்லை.

வியாபாரியின் ஆள் குதித்தான். "அப்ப வேணும்னேதான திருப்பியிருக்கான்! எழுதிக்கோங்க!" முதலாளி தலையைக் குனிந்துகொண்டார். நீ குற்றவாளி ஆகப்போகிறாய் என்று நினைத்தேன்.

சர்வேயர் கையை உயர்த்தினார். "வேணும்னேதான் திருப்பியிருக்கார். அதனால இந்தக் கடிதம் சொல்ற காரணம் செல்லாது. அது வேற. ஆனா கடல்ல உயிரைக் காப்பாத்தத் திரும்பினா அது ஒப்பந்தத்தை மீறினதாகாது. கப்பல் சட்டத்துல அதுக்குன்னு தனியா இடம் இருக்கு. தண்டல் மேல தப்பே இல்ல. உள்ளதை உள்ளபடி எழுதியிருந்தா போதும். இதை எதுக்கு மறைச்சீங்க?"

எதுக்கு மறைத்தோம்? துணி கட்டினால் திரும்பு என்பது நம் தெருச் சட்டம் என்றுதான் எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தோம். கோட்டும் சூட்டும் போட்டவர்களின் புத்தகத்தில் அது இருக்கும் என்று முதலாளிக்கும் தோன்றவில்லை, மானேஜருக்கும் தோன்றவில்லை, கப்பல் ஆபீஸில் வேலைபார்க்கும் எனக்கும் தோன்றவில்லை. யாரையும் கேட்கவுமில்லை. நீ செய்ததிலேயே பெரிய காரியத்தை, உன்னைக் காப்பாற்றுகிறோம் என்று நினைத்துக்கொண்டு நாங்களே சேர்ந்து மூடிவைத்தோம். என்ன கூத்து இது அண்ணே?

அம்மா உட்காரவில்லை. "ஐயா, எதுத்து நிக்க முடியாத பலம்னு சொன்னீயளே. அது வெளியருந்துதான் வரணுமா?" என்று கேட்டாள்.

"ஆமாம்மா. சட்டப்படி வெளியிலிருந்துதான் வரணும்."

"சரிய்யா" என்று உட்கார்ந்துவிட்டாள். ஏதோ அவளுக்குத் தெரிந்த அளவில் கேட்கிறாள் என்று நினைத்தேன். புதுக் கடிதத்தை நானே அடித்தேன். விளக்கு தெரிந்தது, துணி தெரிந்தது, தண்டல் திரும்பினார் என்று வரிசையாக. அது ஃபைலுக்குள் போனது. ஊர் வாயில் மட்டும் பழைய கதையே நிற்கிறது.

அம்மா வந்துவிட்டாள். என்னையும் கல்லறைத் தோட்டத்துக்குக் கூப்பிடுகிறாள். பாதியில் வைத்துவிட்டுப் போகிறேன்.

இப்போது திரும்பி வந்துவிட்டோம்.

அப்பா கல்லறையில் மெழுகுதிரி எரிந்துகொண்டிருந்தது. அம்மா அங்கே நிற்கவில்லை. நடுவில் சிலுவை நிற்கும் பெரிய குருசடிக்கு என்னைக் கூட்டிப்போனாள். கடலில் போனவர்களுக்கெல்லாம் அங்கேதான் திரி ஏற்றுகிறார்கள். உனக்கு ஒன்று ஏற்றினாள். பிறகு முந்தானையிலிருந்து இன்னொன்றை எடுத்துப் பக்கத்தில் ஏற்றினாள்.

"இது யாருக்கும்மா?"

"ஒங்க அப்பாவுக்காகத் திரும்புனவனுக்கு."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அப்பா காய்ச்சலில் வீட்டில் படுத்துச் செத்தவர். அம்மா குருசடியைப் பார்த்தபடியே சொன்னாள். "நீ பொறக்கதுக்கு முந்தி ஒங்க அப்பா தோணி பாதி முங்கிட்டு. துணி கட்டிக்கிட்டு மரத்தப் பிடிச்சுக் கெடந்தாவ. எந்த ஊர்க்காரனோ ஒருத்தன் பாத்துட்டுத் திரும்பி வந்து ஏத்திக் கொண்டாந்து துறையில எறக்கி விட்டான். அப்ப சேவியரு கைப்பிள்ள."

"எனக்கு ஏன் சொல்லவே இல்ல?"

"கடலுக்குப் போற ஆம்பளப் பிள்ளைக்குத் தெரியணும்னு அவனுக்குச் சொன்னேன். ஒனக்கு எதுக்குன்னு விட்டுட்டேன்."

வேறு நாளாக இருந்தால் அங்கேயே சண்டைக்குப் போயிருப்பேன். "அந்த மனுஷன் பேரு என்னம்மா?" என்று மட்டும் கேட்டேன்.

"தெரியாது. அவனும் கேக்கல, ஒங்க அப்பாவும் கேக்கல. எறக்கிவிட்டுட்டு அவன் பாட்டுல போயிட்டான்." பிறகு அம்மா அழுதுகொண்டே சொன்னாள். "அந்தக் கதையச் சொல்லிச் சொல்லித்தான் சேவியருக்குச் சோறு ஊட்டுனேன். ஒருத்தன் திரும்புனான்லா, அதனாலதான் ஒனக்கு அப்பா, நீயும் திரும்பணும்னு சொல்லுவேன். ம்னு தலைய ஆட்டிக்கிட்டே திம்பான். அந்தக் காரக்கால்காரரு வெளியருந்து வரணும்னாருல்லா? வெளியருந்து வரலளா. நாந்தான் உள்ள வச்சேன். வெளக்கு தெரிஞ்ச பெறவும் அவனத் திருப்புனது நாந்தான்."

இத்தனை மாதமாக இதைத்தான் தனக்குள் வைத்துக்கொண்டிருந்தாளா? புயல்தான், புயல்தான் என்று அவள் சொன்னதெல்லாம் இதற்குத்தானா? நான் அம்மாவைக் கட்டிக்கொண்டேன். கடைசியில் வாயில் வந்ததைக் கேட்டேன்.

"எம்மா, அந்த மனுஷன் அன்னிக்கித் திரும்பலன்னா நான் ஏதும்மா?"

அம்மா அழுகையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். என் கன்னத்தைத் தடவி, "ஆமாளா" என்றாள். அவ்வளவுதான். இரண்டு திரியும் அணைகிறவரை அங்கேயே உட்கார்ந்திருந்தோம்.

உன்மேல் எனக்குக் கோபம் இருக்கிறது அண்ணே, அதை மறைக்கமாட்டேன். நீ கரைக்கு வந்திருக்கலாம். வந்திருந்தால் இன்றைக்கு நீயும் நானும் அப்பா கல்லறையைக் கழுவிவிட்டு, வரும் வழியில் எதற்காவது சண்டை போட்டிருப்போம். ஆனால் கீழக்கரையில் காதருக்கு ஒரு மகள் பிறந்திருக்கிறாள். சொல்லியனுப்பியிருந்தார். இதுநாள்வரை அது எனக்கு ஒரு செய்தி, அவ்வளவுதான். இன்றைக்கு வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அந்தப் பிள்ளையைத்தான் நினைத்துக்கொண்டு வந்தேன். அவளும் என்னைப்போலப் பிறந்தவள்தானே?

அந்தப் பிரெஞ்சு வார்த்தையை இனியும் நான் ஆபீஸில் அடித்துக்கொண்டுதான் இருப்பேன். வேலை அப்படி. ஆனால் ஆள் செத்த கடிதத்தில் அது வந்தால், அங்கே யாராவது திரும்பினார்களா என்று கேட்காமல் அடிக்கமாட்டேன். மானேஜர் திட்டினால் திட்டட்டும். அம்மாவுக்குப் பிறகும் ஒவ்வொரு கல்லறைத் திருநாளுக்கும் நான் குருசடிக்குப் போவேன். உனக்கு ஒரு திரி, பேர் தெரியாத அந்த மனுஷனுக்கு ஒரு திரி. ஏற்றும்போது உன் பேரைச் சொல்லி ஏற்றுவேன். அவர் பேரைக் கேட்கமாட்டேன்.

யாரோ ஒருவர் திரும்பிவந்ததால் பிறந்த,
உன் தங்கச்சி
பிலோமி